அச்சும் இசையும்: மலைநாட்டில் மீனாட்சி அம்மையார்

நுவரெலியாவுக்கு அப்பால், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த சிற்றூர் ராகலை. 1904ஆம் ஆண்டில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஒரு குறுகிய இருப்புப்பாதை அவ்வூரை எட்டியது. மலைமேல் அரிசி மூட்டைகள் ஏறின. தேயிலைப் பெட்டிகள் இறங்கின. நாட்டுச் செய்தி ஏறுவதற்கு மட்டும் வழி பிறக்கவில்லை. தோட்டங்கள் துரைமாரின் தனி ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அவர்களது அனுமதியின்றி வெளியார் ஒருவர் லயத்து வாசலை மிதிப்பது குற்றமாகக் கருதப்பட்டது. தொழிலாளருள் எழுத்தறிந்தோரோ மிகச் சிலர். மனிதர் நுழைய முடியாத இடத்தில், ஏட்டைப் படிக்க இயலாத மக்களுக்குச் செய்தியைக் கொண்டு சேர்ப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு அச்சையும் இசையையும் ஒருங்கிணைத்து விடை கண்டவர் மீனாட்சி அம்மையார்.

இவர், மலைநாட்டுத் தொழிற்சங்க முன்னோடியாகிய கோ. நடேசய்யரின் வாழ்க்கைத் துணைவியார். தஞ்சையிலிருந்து வந்த நடேசய்யர், துணி வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளர் நிலையை நேரில் கண்டறிந்தவர். 1924ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை அம்மையாரும் ஏற்று நடத்தினார். பெண்டிர் பொதுவாழ்வில் ஈடுபடுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஒரு பெண்மணி அச்சுக்கூடத்துக்கும் பொதுமேடைக்கும் உரியவராய் விளங்கியது சிறிய செய்தியன்று.

1931ஆம் ஆண்டு ஜனவரியில், அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் நடேசய்யரின் முயற்சியால் தோன்றியது. அட்டன் அதன் களமாயிற்று. கூட்டங்களில் அம்மையார் முதலில் பாரதியார் பாடல்களைப் பாடுவார். பாட்டைக் கேட்டு மக்கள் திரள்வர். அதன் பின்னரே நடேசய்யரின் சொற்பொழிவு தொடங்கும். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்ற பெண்ணுக்கு, மேடையில் தன்னைப் போன்ற ஒரு பெண்ணின் குரல் ஒலித்ததே ஒரு புதுமையாயிருந்திருக்கும்.

அவ்வாண்டிலேயே டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 21 வயது நிறைந்த ஆண், பெண் அனைவருக்கும் இலங்கையில் வாக்குரிமை கிட்டியது. ஆனால் தோட்டத்து இந்தியருக்கு அது எளிதில் கைக்கு எட்டவில்லை. நிரந்தரக் குடியிருப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் குறுக்கே நின்றன. 1939இல் அரசாங்கப் பணிகளில் இருந்த இந்திய நாட்கூலிகளை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. அதனையொட்டி ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸும் பிறந்தது. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்.

அந்த 1940ஆம் ஆண்டிலேயே, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அம்மையாரின் பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. தம் நிலையை உணராதிருக்கும் மக்களைத் தட்டியெழுப்புவதே அதன் நோக்கம். மக்கள் செவிக்குப் பழகிய மெட்டுக்களிலேயே அவர் தம் கருத்துக்களை அமைத்தார். அதன் பயன் பெரிது. லயத்தில் ஒருவருக்கு எழுத்துத் தெரிந்தால் போதும். அவர் ஒருமுறை பாடிக் காட்டினால், கேட்டவர்கள் அதனை நெஞ்சில் ஏற்றிக்கொள்வார்கள். கையிலுள்ள தாளைக் கங்காணி பறித்துக்கொள்ளலாம். வாயிலுள்ள பாட்டை எவர் பறிப்பார்?

மலைநாட்டில் பாட்டு அதற்கு முன்னும் இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும், கங்காணியைக் குறித்த கேலியும் வழிவழியாகப் பாடப்பட்டு வந்தன. அவை துன்பத்தைச் சொல்லி ஆறுதல் தேடின. பாடியவர் பெயர் எங்கும் பதியவில்லை. அம்மையாரின் பாட்டோ சட்டத்தையும் உரிமையையும் பேசிற்று. அழுகைக்குக் காரணம் எது என்று கேட்டது. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி அச்சேறியது.

1947இல் முதல் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த 7 பேரை மலைநாட்டு மக்கள் தெரிந்தெடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் நடேசய்யர் மறைந்தார். அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1949இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைக்கு வழி செய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அம்மையார் அஞ்சியது நடந்தேறியது உண்மையே. ஆயினும் அவரது பணி வீணென்று கொள்ளுதல் பொருந்தாது. ஓர் உரிமை பறிபோகும்போது, அதை உரிமை என்று அறிந்திருப்பவனே மீண்டும் கேட்பான். அறியாதவன் விதியென்று ஓய்ந்துவிடுவான். எழுத்தறியாத மக்களுக்கு அவ்வறிவைப் பாட்டாக்கி வழங்கியதே மீனாட்சி அம்மையார் மலைநாட்டுக்கு ஆற்றிய தொண்டு.