நம்பிக்கைப் பொறுப்பாளரின் அரசியல்: ஹென்றி ஹாட்லி பௌலர் பற்றிய ஒரு நோக்கு

விக்ரோறியா காலத்து ஆங்கில அரசியல்வாதிகளுள் ஹென்றி ஹாட்லி பௌலர் (1830–1911) முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவரல்லர். எனினும், பிரித்தானிய மந்திரிசபையில் இடம்பெற்ற முதலாவது சொலிசிற்றரும் முதலாவது மெதடிஸ்தரும் அவரே. 1814 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பாடசாலைகளை நிறுவிய வெஸ்லியன் திருச்சபையே அவரது திருச்சபையுமாகும். அவ்வகையில் அவர் எமக்கு முற்றிலும் அந்நியரல்லர்.

1894 ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவர் பெயரோடு இணைந்த இரு நிகழ்ச்சிகள் எமது கவனத்துக்குரியன. மார்ச் மாதத்தில், அவர் முன்னின்று நடத்திய உள்ளூராட்சிச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தின் கிராமத்துக் கூலி விவசாயியும் தனது ஊர்ச்சபையைத் தானே தெரிவுசெய்யும் உரிமையைப் பெற்றான். அதே மாதத்தில் இந்திய விவகார அமைச்சரான பௌலர், இந்திய சிவில் சேவைப் பரீட்சையை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே வேளையில் நடத்தவேண்டுமெனப் பொதுமக்கள் சபை 1893 இல் நிறைவேற்றிய தீர்மானத்தை ஏப்ரல் மாதத்தில் நிராகரித்தார். ஓரிடத்தில் ஜனநாயகவாதியாகவும் மற்றோரிடத்தில் அதன் மறுதலையாகவும் ஒருவர் தோன்றுவது எங்ஙனம்? பாசாங்கு என்ற ஒரு சொல்லால் இதற்கு விடைகூறிவிட முடியாது. தனிமனிதனின் ஒழுக்கத்திலன்றி, அவனை உருவாக்கிய வர்க்கத்தின் கருத்துநிலையிலேயே விடை தேடப்படல் வேண்டும் என்பது எமது துணிபு.

பௌலர் சண்டர்லாந்தில் வெஸ்லியன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தை ஜோசப் பௌலர், ஜாபெஸ் பண்டிங்கின் தலைமையில் இறுகிக்கிடந்த திருச்சபை நிருவாகத்துள் தாராளப் போக்கினருக்குக் குரல்கொடுத்தவர். 1849 இல் சீர்திருத்தக்காரர் மூவர் மாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதைத் தொடர்ந்து ஏறத்தாழ ஓர் இலட்சம் உறுப்பினரைத் திருச்சபை இழந்தது. தந்தையோ பிரிந்து செல்லவில்லை. நிறுவனத்தின் உள்ளே நின்று சீர்திருத்தம் கோருதல், நிறுவனத்தை உடைக்காதிருத்தல் என்னும் இப்பண்பு மகனின் அரசியலிலும் தொடர்ந்தது.

ஸ்தாபிக்கப்பட்ட ஆங்கிலத் திருச்சபையைச் சாராதோருக்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களின் சமயத் தடைகள் பெரும்பாலும் நீங்கியது 1871 இலேயே ஆகும். 1852 இல் பௌலர் சொலிசிற்றரானார். எமது பழைய வழக்கில் கூறுவதாயின், அவர் அப்புக்காத்து அல்லர், பிரக்கிராசியே. உயர்குடியினரின் புத்திரர் உயர்நீதிமன்றங்களில் வாதாடிப் புகழ்பெற, சொலிசிற்றரோ காணி உறுதி, மரணசாசனம், கம்பனிப் பத்திரம், கடன் ஈடு ஆகியவற்றுடன் அறையினுள் இருந்து பணியாற்றினார். முதலாளித்துவச் சொத்துறவின் அன்றாடக் காவலாளி அவரேயாவார்.

1855 இல் அவர் குடியேறிய வுல்வர்ஹம்ரன், நிலக்கரியும் இரும்பும் வளர்த்த நகரம். 1857 இல், அந்நகரின் முதலாவது நகரபிதாவும் இரும்பாலை அதிபருமான ஜோர்ஜ் பெஞ்சமின் தோர்ணிகுறொப்றின் மகளை மணந்தார். 1863 இல் தாமே நகரபிதாவானார். 1870 இல் அமைந்த கல்விச் சபைக்குத் தலைமை தாங்கினார். 1880 இல் லிபரல் கட்சி உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். றொபேட் பேர்க்ஸ் என்ற மற்றொரு வெஸ்லியன் போதகரின் மகனுடன் அவர் கொண்டிருந்த தொழிற்கூட்டு, புகையிரதக் கம்பனிகளின் அலுவல்களோடு நெருங்கிய தொடர்புடையது. இரும்பு, புகையிரதம், ஆலயம் ஆகிய மூன்றும் ஒரே வட்டத்துள் இணைந்திருந்தமை தற்செயலானதன்று.

இவ்விடத்தில் ஒரு கருத்தை அழுத்திக் கூற விரும்புகின்றோம். வெஸ்லியன் ஆலயங்களின் சொத்துக்கள் நம்பிக்கைப் பொறுப்பாளரின் பெயரிலேயே இருந்தன. 1832 ஆம் ஆண்டின் மாதிரி உறுதி அதற்கு வழிகாட்டியது. தனக்குரியதெல்லாம் இறைவன் ஒப்படைத்தது, ஒருநாள் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பது மெதடிஸ்தப் போதனை. பிறர் சொத்தை அவர் நலனுக்காகப் பராமரித்தல் சொலிசிற்றரின் தொழில். சமயமும் தொழிலும் சந்திக்கும் இப்புள்ளியிலேயே பௌலரின் அரசியற் கருத்துநிலை உருவாகியது. நம்பிக்கைப் பொறுப்பின் இலக்கணம் யாது? பொறுப்பாளர் நேர்மையுடையவராயிருத்தல் வேண்டும். பயனாளியோ அவரைத் தெரிவுசெய்வதில்லை.

உள்ளூராட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை பௌலர் முற்போக்குப் பாத்திரத்தை வகித்தார் என்பதை மறுத்தலாகாது. அதுவரை கிராமத்தின் பொது அலுவல்கள் ஆங்கிலத் திருச்சபைக் குருவினதும் நிலப்பிரபுவினதும் கையில் இருந்தன. அவற்றைத் தெரிவுசெய்யப்பட்ட சபைகளுக்கு அச்சட்டம் மாற்றியது. மணமான பெண்களும் அச்சபைகளுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் வழிபிறந்தது. பிரபுக்கள் சபை அதனைச் சிதைக்க முனைந்தது. கிளாட்ஸ்ரன் பொதுமக்கள் சபையில் ஆற்றிய இறுதி உரை, 1894 மார்ச் 1 ஆம் திகதி, இம்மசோதாவில் பிரபுக்கள் செய்த திருத்தங்களைப் பற்றியதே. நிலவுடைமையையும் அதனோடு பிணைந்த திருச்சபையையும் எதிர்த்த நகர மத்தியதர வர்க்கத்தின் போராட்டத்தில், கிராமத் தொழிலாளியின் வாக்குரிமை அவ்வர்க்கத்தின் நலனோடு ஒத்திசைந்தது.

இந்தியாவில் அவ்வொத்திசைவு இருக்கவில்லை. 1870 களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 சிலிங் பெறுமதியாயிருந்த ரூபா, 1894 இல் 13 பென்சு அளவுக்கு வீழ்ந்தது. கடன் வட்டி, புகையிரதங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட வருமானம், உத்தியோகத்தரின் ஓய்வூதியம் முதலியவற்றை இந்தியா ஸ்ரேர்லிங் நாணயத்திலேயே லண்டனில் செலுத்தவேண்டியிருந்தது. திறைசேரி வற்றவே 1894 மார்ச்சில் இறக்குமதிகளுக்கு 5 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. லங்காசயரின் பருத்திப் பொருட்களுக்கோ விலக்களிக்கப்பட்டது. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பரில் பருத்திக்கும் தீர்வை விரிந்தது. ஆனால் லண்டனின் நிபந்தனைப்படி, இந்திய ஆலைகளில் 20 ஆம் இலக்கத்துக்கு மேற்பட்ட நுண்ணிய நூலுக்கும் அதேயளவு உற்பத்தித் தீர்வை விதிக்கப்பட்டது.

1895 பெப்ரவரியில் லங்காசயரின் சார்பில் சேர் ஹென்றி ஜேம்ஸ் கண்டனப் பிரேரணை கொண்டுவந்தார். பௌலர் அதனை எதிர்த்து நின்றார். இச்சபையின் ஒவ்வோர் உறுப்பினரும் இந்தியாவின் உறுப்பினரே என்பது அவ்வுரையின் சாரம். பிரேரணை பெரும் வித்தியாசத்தில் தோற்றது. அவரது வாழ்வின் உச்சக்கட்டம் இதுவெனலாம். பஞ்சாலை அதிபர்களுக்கு அஞ்சாத துணிவு அங்கே இருந்தது. ஆயினும் வர்க்கநோக்கில் பார்க்கும்போது வேறோர் உண்மை புலப்படுகின்றது. அரசு முதலாளிகளுள் ஒரு பிரிவினரின் கைப்பொம்மையன்று. முதலாளித்துவம் முழுமையினதும் நீண்டகால நலனை அது பேணுகின்றது. இந்தியத் திறைசேரி முறிந்தால் கடன்பத்திரம் வைத்திருப்போர் நட்டமடைவர். அதனைத் தடுப்பதற்காக லங்காசயர் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மான்செஸ்ரருக்கும் பம்பாய்க்கும் ஒரே விகிதம் என்பது சட்டத்தரணியின் நடுநிலை. சமமற்றோரிடையே சமத்துவம் பேசுதல் வலியோனுக்கே உதவும். 1896 இல் அடுத்த அரசாங்கம் துணி இறக்குமதித் தீர்வையை 3.5 சதவீதமாகக் குறைத்து, இந்திய ஆலைத்துணி அனைத்தின்மீதும் அதேயளவு தீர்வையை விதித்தது. 1926 வரை அது நீக்கப்படவில்லை.

ஒவ்வோர் உறுப்பினரும் இந்தியாவின் உறுப்பினர் எனின், இந்தியாவுக்கென ஓர் உறுப்பினர் தேவையில்லை என்பதும் அதனுள் அடங்கும். அப்போது அச்சபையில் தாதாபாய் நௌரோஜி அமர்ந்திருந்தார். லண்டன் வாக்காளர் தெரிவுசெய்த அவரே, இந்தியாவின் செல்வம் வடிந்தோடுவதை அங்கு இடையறாது எடுத்துரைத்தவர். இந்தியச் செலவினங்கள் பற்றிய விசாரணைக் குழு 1895 இல் அமைய அவரது முயற்சி காரணமாயிற்று. நௌரோஜி கேட்டது பொறுப்பாளரின் நேர்மையையன்று. கணக்கைக் கேட்கும் உரிமையையே. பௌலர் முன்னதை வழங்கச் சித்தமாயிருந்தார், பின்னதை அவரால் விளங்கிக்கொள்ள இயலவில்லை. 1898–99 இல் அவர் தலைமை தாங்கிய இந்திய நாணயக் குழு ரூபாவின் பெறுமதியை 16 பென்சாக நிலைநிறுத்தப் பரிந்துரைத்தபோதும் அதே மனப்பாங்கே தொழிற்பட்டது.

பௌலரின் குடும்பம் இலக்கிய மாணவருக்கும் உரியது. மகள் எலன் 1898 இல் வெளியிட்ட ‘இசபெல் கார்ணபி பற்றி’ என்ற நாவல் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. ஆலயத்திலிருந்து உயர்குழாத்து விருந்துமண்டபம் நோக்கிச் செல்லும் பயணத்தை அதிற் காணலாம். 1908 இல் பிரபுப் பட்டம் பெற்ற தந்தையின் பயணமும் அதுவே. மற்றொரு மகள் எடித் 1912 இல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

பௌலரை நல்லவர் என்றோ தீயவர் என்றோ தீர்ப்பளிப்பது ஆய்வின் நோக்கமன்று. அவர் நேர்மையானவராயிருந்தார் என்பதனாலேயே அவரது வாழ்வு எமக்குப் பாடமாகின்றது. ஏகாதிபத்தியம் கொடியோரால் மட்டும் நடத்தப்பட்டதன்று. ஞாயிறுதோறும் மனச்சாட்சியைச் சோதித்துக்கொண்ட மனிதர்களாலும் அது நடத்தப்பட்டது. அவர்களின் மனச்சாட்சி விழித்திருந்தது. எனினும் பயனாளி தன் உரிமையைத் தானே கோரக்கூடும் என்பதற்கு அங்கே இடமிருக்கவில்லை. அவ்விடத்தைத் திறந்தது பொறுப்பாளரின் கருணையன்று, மக்களின் போராட்டமேயாகும்.