விலங்குப் படங்களும் வரைந்தவர் பெயரும்

விலங்குகளையும் பறவைகளையும் வரைந்து நூலில் சேர்க்கும் வழக்கம் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இயற்கை அறிவியல் நூல், சிறுவர் இதழ், நாட்டார் ஓவிய நூல் என மூன்று கட்டங்களாக இவ்வரலாற்றைப் பிரிக்கலாம். கட்டத்துக்குக் கட்டம் வரையும் முறை மாறியது. அத்துடன், வரைந்தவரின் பெயருக்கு நூலில் கிடைத்த இடமும் மாறியது.

இயற்கை அறிவியல் ஓவியங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்களும் அலுவலர்களும் இந்நாட்டு உயிரினங்களைத் தொகுத்தபோது, அவற்றுக்குப் படங்கள் தேவைப்பட்டன. நிழற்படம் இல்லாத காலம் அது. பேட்ரிக் ரசல் சோழமண்டலக் கடற்கரைப் பகுதியின் பாம்புகளைப் பற்றி எழுதிய நூல் 1796இல் லண்டனில் வெளிவந்தது. பாம்புகளின் உள்ளூர்ப் பெயர்களையும் அவர் அதில் குறித்தார். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இன்றும் ரசலின் பெயர் உள்ளது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் பறவை, விலங்கு ஓவியங்களை வரைவித்தார். அத்தகைய ஓவியங்கள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அதே காலத்தில், சென்னை உச்சநீதிமன்ற நீதிபதியின் மனைவியான எலிசபெத் குவில்லிம், 1801 முதல் 1807இல் இறக்கும்வரை இங்குள்ள பறவைகளைத் தம் கையாலேயே வரைந்தார். அவருடைய ஓவியங்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1920களில் லண்டனில் கண்டெடுக்கப்பட்ட அவை இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தாமஸ் ஜெர்டனின் ஐம்பது வண்ணப் படங்கள் கொண்ட பறவை நூல் 1843 முதல் 1847 வரை சென்னையில் வெளிவந்தது. அதன் படங்களை இந்திய ஓவியர்கள் வரைந்தனர். ஆனால் நூல் ஜெர்டன் பெயராலேயே அறியப்படுகிறது. பறவை, விலங்கு பலவற்றின் அறிவியல் பெயர்களிலும் இடம்பெற்றவர்கள் சேகரித்தவர்களே. வெள்ளகவி அமைந்துள்ள பழனி மலைத்தொடரின் சோலைக்காடுகளில் வாழும் சிரிப்பான் பறவை ஒன்று, அங்கே பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மறைப்பணியாளர் ஃபேர்பேங்கின் பெயரைத் தாங்குகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. கல்கத்தாவில் மேரி இம்பேவுக்காக வரைந்த பாட்னா ஓவியர் ஷேக் ஜைனுத்தீனின் பெயர் அவர் படங்களிலேயே காணப்படுகிறது. தாவர நூல்களில், ராபர்ட் வைட்டுக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய இருவரின் பெயர்களும் நிலைத்தன. கோவிந்துவின் பெயரை ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்கே வைட் சூட்டினார்.

சிறுவர் இதழ்கள்

1947 ஜூலையில் சென்னையிலிருந்து அம்புலிமாமா வெளிவரத் தொடங்கியது. இயற்கை அறிவியல் நூலில் விலங்கு வெற்றுத்தாளின் நடுவே தனியாக நிற்கும். கதைப் படத்தில் அது காட்டோடும் குளத்தோடும் மனிதரோடும் சேர்ந்து வந்தது. அதன் முகத்தில் சினம், அச்சம், தந்திரம் ஆகியவற்றைக் காட்டும் பொறுப்பு ஓவியருக்கு ஏற்பட்டது.

சித்ரா, சங்கர் ஆகியோரின் கையொப்பங்களை அம்புலிமாமா வாசகர்கள் நன்கு அறிவார்கள். சங்கர் என்ற கே. சி. சிவசங்கரன் 1924இல் தாராபுரத்தை அடுத்த ஊரொன்றில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து வரும் படம் அவர் வரைந்ததே. அவர் 2020இல் காலமானார். கதையை எழுதியவர் யார் என்று தெரியாத சிறுவரும் படத்தின் மூலையிலிருந்த பெயரை நினைவில் வைத்திருந்தனர்.

நாட்டார் ஓவிய நூல்கள்

1994இல் கீதா வுல்ஃப் சென்னையில் தாரா புக்ஸ் பதிப்பகத்தைத் தொடங்கினார். அதன் தொடக்ககால நூல்களுள் ஒன்று, பசித்த சிங்கத்தைப் பற்றிய சிறுவர் கதை. மகாராஷ்டிரப் பழங்குடியினரின் வார்லிச் சுவரோவிய பாணியைத் தழுவி இந்திரபிரமித் ராய் அதற்குப் படம் வரைந்தார். அவர் வார்லிச் சமூகத்தவர் அல்லர். பாணி நாட்டாருடையது, கை வேறொருவருடையது என்ற நிலை அது.

அடுத்த பத்தாண்டில் இந்நிலை மாறியது. 2004இல் வெளிவந்த 'தி லண்டன் ஜங்கிள் புக்' நூலின் ஓவியர் பஜ்ஜு ஷியாம், மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் ஊரைச் சேர்ந்த கோண்டு ஓவியர். லண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்டச் சென்ற அவர், அந்நகரை விலங்குகளாகக் கண்டு வரைந்தார். பிக் பென் கடிகாரம் பொழுதறிவிக்கும் சேவலாயிற்று. பேருந்து நாயாகவும், நிலத்தடி ரயில் மண்புழுவாகவும் உருவெடுத்தன. கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' 1894இல் இந்தியக் காட்டை ஆங்கில வாசகருக்குக் காட்டியது. நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, இந்தியக் காட்டுப்பகுதியிலிருந்து சென்ற ஒருவர் லண்டனைக் காடாகக் காட்டினார். அந்நூலில் அவர் பிறர் கதைக்குப் படம் வரைந்தவர் அல்லர், நூலாசிரியர். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2006இல் வெளிவந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலை பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவரும் வரைந்தனர். கையால் செய்த கறுப்புத் தாளில் திரை அச்சு முறையில் அது அச்சிடப்படுகிறது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்திரை அமைத்து, ஒன்று உலர்ந்தபின் அடுத்ததை ஏற்றுவர். 2008இல் இந்நூல் இத்தாலியின் பொலோனா சிறுவர் புத்தகக் கண்காட்சி விருதைப் பெற்றது.

ஒப்பீடு

இயற்கை அறிவியல் ஓவியத்தின் நோக்கம் இனங்காட்டுவது. இறகின் நிறமும் செதிலின் வரிசையும் பிழையின்றி அமைய வேண்டும். கோண்டு ஓவியத்தில் மானின் உடல் புள்ளிகளாலும் கோடுகளாலும் நிரப்பப்படும். அதன் கொம்பு மரமாகக் கிளைக்கும். முன்னது விலங்கின் தோற்றத்தைச் சொல்கிறது. பின்னது அவ்விலங்கோடு வாழும் மக்கள் அதைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தைச் சொல்கிறது. கோண்டு ஓவியர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நிரப்புக்கோலம் வைத்திருப்பர். அதைப் பார்த்தே வரைந்தவரை அடையாளம் காணலாம்.

எனவே 'நாட்டார் பாணி' என்று மட்டும் குறிப்பது போதாது. ஜெர்டனின் நூலுக்கு வரைந்த கைகளை இன்று முழுமையாக அறிவது எளிதன்று. இக்காலப் படங்களுக்கு அந்நிலை நேராமலிருக்க, எடுத்தாளும் ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயரை எழுதுவதே முதற்படி.