கிண்டிலை எதில் சார்ஜ் செய்வது? மடிக்கணினியா, சுவர் சார்ஜரா?

இரவு தூங்கும் முன்னர் கிண்டிலை மடிக்கணினியில் செருகிவிட்டுப் படுத்தீர்கள். காலையில் எம்ஆர்டியில் ஏறிப் புத்தகத்தைத் திறந்தால்... பேட்டரி நேற்று இருந்த அதே இடத்தில்!

கருவி கெட்டுப்போச்சா? பெரும்பாலும் இல்லை. மடிக்கணினி உறக்கநிலைக்குப் போனதும் அதன் யூஎஸ்பி துளையில் மின்சாரம் நின்றிருக்கும். மூடிய பிறகும் மின்சாரம் தரும் கணினிகள் உண்டு. ஆனால் பல தருவதில்லை.

வேகம் எவ்வளவு வேறுபடும்?

கணினியின் பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அதிகபட்சம் 0.5 ஆம்பியர். அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 துளை 0.9 ஆம்பியர் வரை தரும். உள்ளே நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். சுவரில் செருகும் சாதாரண சார்ஜரோ 5 முதல் 10 வாட் வரை தரும்.

2021இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டுக்கு அமேசான் சொல்லும் கணக்கு இது: கணினியில் ஏறக்குறைய 5 மணி நேரம். 9 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜரில் இரண்டரை மணி நேரம்.

9 வாட் என்பது 2.5 வாட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல். நேரம் மட்டும் ஏன் பாதிதான் குறைகிறது? லித்தியம் பேட்டரி நிரம்ப நிரம்ப, கருவி மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அந்தக் கடைசிக் கட்டத்தை எந்தச் சார்ஜராலும் விரட்ட முடியாது.

65 வாட் சார்ஜரில் செருகினால் வெடிச்சிடுமோ?

கிண்டில் பெட்டியில் கம்பி மட்டும்தான் வருகிறது. அதனால் கைக்குக் கிடைத்த போன் சார்ஜரை எடுக்கிறோம், கூடவே இந்தப் பயமும் வந்துவிடுகிறது.

எவ்வளவு மின்சாரம் எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது கருவிதான், சார்ஜர் இல்லை. விருந்தில் எவ்வளவு பரிமாறினாலும் வயிறு கொள்ளும் அளவுதானே சாப்பிடுகிறோம்? வேகச் சார்ஜர்களும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். கருவி கேட்டால்தான் அதைக் கூட்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வாட் எண்ணிக்கைக்கு அல்ல, மலிவான தரமற்ற சார்ஜருக்கு. அது 5 வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிங்கப்பூரில் விற்கப்படும் இத்தகைய சார்ஜர்களில் பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும்போதுதான் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்படின்னா கணினியில் சார்ஜ் செய்வதே வேண்டாமா?

தாராளமாகச் செய்யலாம். மெதுவாக ஏறுவதால் பேட்டரிக்குக் கெடுதல் இல்லை. அதற்கு ஆகாதது சூடு. வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ தலையணைக்கு அடியிலோ வைத்து சார்ஜ் செய்யாதீர்கள்.

கணினித் துளையை நேரடியாகப் பயன்படுத்துவது நல்லது. தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் செருகினால் ஒரு துளைக்கு 0.1 ஆம்பியர் மட்டுமே கிடைக்கலாம். விளக்கைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தால் அது போதாமலும் போகலாம்.

கோபோ கருவியைக் கணினியில் செருகியதும், "இணைக்கவா?" என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சார்ஜும் ஏறும், படிக்கவும் முடியும்.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவியா?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மின்மைத் திரை, மின்சாரம் இல்லாமலேயே படத்தைத் தாங்கி நிற்கும். திரையில் படம் தெரிவதால் கருவி உயிரோடு இருப்பதாக நினைப்போம். ஆனால் உள்ளே பேட்டரி அடியோடு வற்றியிருக்கும். அப்படியே நீண்ட நாள் கிடந்தால் பேட்டரி நிரந்தரமாகக் கெடவும் வாய்ப்புண்டு.

அந்த நிலையில் கணினியை நம்ப வேண்டாம். சுவர் சார்ஜரில் செருகி, ஒரு மணி நேரமாவது தொடாமல் விடுங்கள். பிறகும் அசையவில்லையா? கிண்டிலின் பவர் பொத்தானை 40 வினாடி அழுத்திப் பிடியுங்கள். குப்பையில் போடும் முடிவை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.