தானியத்தில் பதித்த முத்திரை

கெலவரப்பள்ளி அணையின் மதகு திறக்கும் நாள்களில் தென்பெண்ணையில் வெண்ணுரை மலைபோல் பொங்கிச் செல்வதுண்டு. அதைக் கண்ட நம் பங்கின் முதியவர் ஒருவர், "சாமி, ஆற்றிலே பால் ஓடுகிறது, நமக்கென்ன குறை?" என்றார். மனு எழுதிச் சலித்தவரின் சொல் அது. நகைத்துவிட்டு வந்த நமக்குப் பழைய அரசவைகளின் வசைக்கவிகள் நினைவுக்கு வந்தனர்.

அரபு மொழியில் வசைப்பாட்டுக்கு 'ஹிஜா' என்று பெயர். ஒரு குலத்தார் மற்றொரு குலத்தாரை இகழப் பயன்பட்ட அப்பாட்டு, கலீபாக்களின் காலத்தில் ஆள்வோரையே தீண்டியது. பிறவியிலேயே பார்வையற்ற பஷ்ஷார் இப்னு புர்து, கலீபா அல்-மஹ்தியையும் அவருடைய அமைச்சரையும் இகழ்ந்து பாடி, ஏறத்தாழ கி.பி. 783இல் கசையடி பட்டு மாண்டார். சாட்டப்பட்ட குற்றமோ சமய மறுப்பு!

இம்மரபு பாரசீகத்தின் வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. நார்னௌலில் பிறந்த ஜாபர், 'பிதற்றுபவன்' என்று பொருள்படும் 'ஜட்டல்லி' என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டவர். அவுரங்கசீப்பின் மகன் காம்பக்ஷிடம் தக்காணத்தில் ஊழியம் செய்தவர். பாரசீகத்தில் இந்தவியைக் கலந்து பாடினார். அரண்மனைச் செய்தியறிக்கையைக் கேலி செய்து போலி அறிக்கை எழுதினார். ஊழியம் செய்து பிழைப்போர் படும் பாட்டையும் பாடினார். அவர் பாடல்களுள் பல இவ்விதழில் எடுத்துரைக்கத் தகாதவை, அதையும் மறைப்பதற்கில்லை.

1713இல் பரூக்சியார் அரியணை ஏறினார். மன்னரின் பெயரால் தொழுகையில் உரை நிகழ்த்துவதும், பெயர் பொறித்த நாணயம் வெளியிடுவதுமே அன்று இறைமையின் அடையாளங்கள். பொன்னிலும் வெள்ளியிலும் முத்திரை பதித்தவர் எனப் புதிய நாணயத்தின் ஈரடி அவரைப் போற்றியது. ஜட்டல்லி அதைத் திரித்தார். பொன்னும் வெள்ளியும் இருந்த இடத்தில், மக்கள் அன்றாடம் உண்ணும் தானியங்களை வைத்தார். மன்னருக்கோ, கழுத்தை நெரிப்பவர் என்று பொருள்பட அடைமொழி தந்தார். அரசு சந்தைக்கடையாயிற்று, அரசர் கொலைஞரானார். இரண்டே அடிகளில் முடிசூட்டையே மறுத்துவிட்ட பாட்டு இது என்பது நம் கருத்து.

அடைமொழி கற்பனையன்று. 1698இல் நம் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய தளபதி சுல்பிகார் கான், பரூக்சியாரின் ஆணையால் 1713இல் கழுத்து நெரித்தே கொல்லப்பட்டார். அதே ஆண்டில், அந்த ஈரடிக்காக ஜட்டல்லியின் உயிரும் பறிக்கப்பட்டது என்பர்.

1719இல் சையது சகோதரர்கள் பரூக்சியாரை அரியணையிலிருந்து இறக்கி, கண்களைக் குருடாக்கிச் சிறையிட்டனர். அங்கே அவரும் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார்.