ஒரு கால் பெரியகுளத்தில்: கான்சாகிபும் சீசரின் பிணமும்

மதுரை ஆரப்பாளையத்தில் பெரியகுளம் பஸ் ஏறினால் காளவாசல் தாண்டியதும் சம்மட்டிபுரம் வரும். அங்கே ஒரு சின்னப் பள்ளிவாசல். கான்சாகிபு பள்ளிவாசல் என்பார்கள். 1808இல் எழுப்பியது. அதற்குள் அடங்கியிருக்கும் உடம்புக்குத் தலை இல்லை, கைகால் இல்லை. தலை திருச்சிக்கு, கைகள் பாளையங்கோட்டைக்கு, ஒரு கால் தஞ்சாவூருக்கு, இன்னொரு கால் பெரியகுளத்துக்கு என்பது ஜனங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. பெரியகுளத்தைத் தாண்டிவரும் அதே வராகநதித் தண்ணீரில் விளைகிற ஊர் எங்கள் ஜெயமங்கலம். சின்ன வயசில் இந்தக் காலைப் பற்றிக் கேள்விப்பட்டபோது பயம்தான் வந்தது. பிறகுதான் கேள்வி வந்தது. தூக்கிலிட்டுக் கொன்ற ஒருவனை எதற்காக அத்தனை துண்டாக்க வேண்டும்?

வழக்கமான பதில் ஒன்று உண்டு. கயிறு இரண்டு முறை அறுந்துபோனது, நவாப் முகமது அலிக்குக் கிலி பிடித்தது, இவன் எழுந்து வந்துவிடுவான் என்று பயந்து வெட்டிப் பிரித்தான் என்று. மூடநம்பிக்கை என்று சொல்லி முடித்துக்கொள்கிற இந்தப் பதிலில் எனக்குத் திருப்தியில்லை. அந்தப் பயத்துக்குள் ஓர் அரசியல் அறிவு இருக்கிறது. அதைப் பார்க்க ரோமாபுரி வரைக்கும் போய்வர வேண்டும்.

கி.மு. 44 மார்ச் 15. சீசரைக் குத்திய இடம் பாம்பேயின் நாடக அரங்கை ஒட்டிய மண்டபம். செனட் அன்று கூடியது அங்கேதான். சதியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், உடம்பில் 23 காயங்கள் என்று எழுதுகிறான் சூடோனியஸ். அவன் சொல்லும் இன்னொரு செய்தியை நம்மாட்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பிணத்தை இழுத்துப்போய் டைபர் ஆற்றில் எறிவதுதான் கொன்றவர்களின் திட்டம். ஆண்டனிக்கும் லெபிடஸுக்கும் பயந்து விட்டுவிட்டார்கள். விட்ட பிணம் சந்தைவெளிக்கு வந்தது. கூட்டம் கையில் கிடைத்த பெஞ்சுகளையெல்லாம் அடுக்கி அங்கேயே எரித்தது. கொலைகாரர்கள் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

1599இல் ஷேக்ஸ்பியர் இதை மேடைக்குக் கொண்டுவந்தபோது முடிச்சைச் சரியான இடத்தில் போட்டார். பிணத்தை வைத்துக்கொண்டு ஆண்டனி பேசக் கூடாது என்கிறான் காசியஸ். பேசட்டும் என்கிறான் புரூட்டஸ். அந்த ஒரு அனுமதியில் குடியரசு தொலைகிறது. சூடோனியஸின் ஆண்டனி சில வார்த்தைகள்தான் பேசுகிறான். காலேஜில் நாம் மனப்பாடம் பண்ணிய நீண்ட பேச்சு ஷேக்ஸ்பியரின் கட்டுமானம். ஆனாலும் பேச்சின் நடுவில் போர்வையை விலக்கிக் காயங்களைக் காட்டுகிற அந்தச் செய்கைதான் சொற்களைவிட வேலை செய்கிறது. உடம்பே அங்கே பிரதி; ஆண்டனி வாசித்துக்காட்டுகிறவன். (1987 டிசம்பரில் ராஜாஜி ஹாலில் எம்.ஜி.ஆரின் உடலருகே நின்றவர் 1991இல் முதலமைச்சரானார். இந்தப் பாடம் நமக்கு அந்நியமில்லை.)

இப்போது மதுரைக்கு வரலாம். பனையூரில் வேளாளக் குடியில் பிறந்த மருதநாயகம் இஸ்லாத்துக்கு மாறி யூசுப்கான் ஆனார் என்பது வழக்கு. சிப்பாயாகச் சேர்ந்து கம்பெனியின் இந்தியப் படைக்கே தளபதியாக உயர்ந்தவர். 1750களில் திருச்சி முற்றுகையிலும், 1758-59இல் லாலி சென்னையை வளைத்தபோதும் வெள்ளைக்காரனைக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு. பிறகு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஆளுநர். மீனாட்சி கோயிலின் மானியங்களை மீட்டுக்கொடுத்தவரும் அவர்தான், 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டான்செவலை வீழ்த்தியவரும் அவர்தான். இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் செய்வது பஜனை.

நவாபுக்குக் கட்டுப்பட்டு இரு என்று கம்பெனி சொன்னபோது சண்டை மூண்டது. 1763இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அதே வருஷம் பிப்ரவரி 10இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தமோ முகமது அலியைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று பிரெஞ்சுக்காரனையே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர மாதங்களாகும் காலம். மதுரைக் கோட்டையில் பறந்த கொடிக்குப் பின்னால் தேசம் எதுவும் இல்லை. அப்படியும் 1763இல் ஒரு முற்றுகை தோற்றது, 1764 ஜூனில் நேரடித் தாக்குதலும் தோற்றது. பிறகு வழியடைத்துப் பட்டினி போட்டார்கள். அக்டோபர் 13இல் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுத் தலைவன் மார்ச்சந்தும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். தொழுதுகொண்டிருந்த நேரம், கட்டியது அவர் தலைப்பாகையால் என்கிறது கதை. 15ஆம் தேதி தூக்கு.

சீசரைப் போலவே உள்ளிருந்தவர் கையால் முடிவு. ஆனால் மதுரையில் ஜெயித்தவன் காசியஸ். பேசுவதற்குப் பிணமே கிடையாது என்று ஆக்கிவிட்டான் நவாப். முழு உடம்பு ஓரிடத்தில் கிடந்தால் அங்கே கூட்டம் சேரும், யாராவது போர்வையை விலக்குவான். துண்டுகளைத் தனது ஊர்களுக்கு அனுப்பியது எச்சரிக்கை மட்டுமல்ல. சாட்சியத்தைச் சிதறடிப்பதும்தான்.

கணக்கு தப்பிப்போனது. இது மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் தெய்வமாகி நிற்கிற மண். அதிகாரம் வெட்டுகிற உடம்பைச் சனங்கள் எடுத்துக் கும்பிடுவார்கள் என்பது ஆற்காட்டு நவாபுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு சமாதி இருக்க வேண்டிய இடத்தில் பல சமாதிகள், ஊருக்கு ஒரு கதை. புரூட்டஸுக்குக் குடியரசு திரும்பக் கிடைக்கவில்லை, கி.மு. 27இல் அகஸ்டஸ் கிடைத்தான். முகமது அலியின் வம்சத்திடமிருந்து 1801இல் கம்பெனியே கர்நாடகத்தை வாங்கிக்கொண்டது.

ஆண்டனியின் பேச்சு நம்மிடம் கதைப்பாடலாக வந்தது. 'கான்சாகிபு சண்டை'யை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. அதற்கு முன் 1914இல் எஸ்.சி. ஹில் ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு அவரைத் தலைப்பிலேயே கலகக்காரத் தளபதி என்கிறது. கம்பெனி ஆவணத்தின் கண்ணில் அவர் சொன்ன பேச்சு கேளாத வேலைக்காரன்.

மேடையும் சினிமாவும் அவரைத் தொடத் தயங்கின. கட்டபொம்மனுக்கு 1959இல் சிவாஜி கிடைத்தார். எட்டப்பன் என்பது வசவுச் சொல்லாகவே ஆகிவிட்டது. சீனிவாசராவ் பெயரை யாரும் வசவாகக்கூடச் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது. பூலித்தேவரைப் போற்றுகிறவர்களுக்குக் கான்சாகிபு எதிரி. தேசியக் கதையாடலுக்கு அவர் கம்பெனியின் கூலி. பிள்ளைமார் பெருமை பேசப் போனால் மதம் இடிக்கிறது. யாருடைய சிலைப் பீடத்திலும் முழுசாக நிற்க மாட்டார். நவாப் உடம்பைச் செய்ததை நாம் வரலாற்றில் செய்துகொண்டிருக்கிறோம், ஆளுக்கொரு துண்டாக. கமல்ஹாசன் 'மருதநாயகம்' தொடங்கினார். 1997 அக்டோபர் 16, எம்.ஜி.ஆர். பிலிம் சிட்டியில் துவக்கவிழா, வந்து வாழ்த்தியவர் பிரிட்டிஷ் ராணி எலிசபெத். கான்சாகிபைத் தூக்கிலிட்டு 233 வருஷமும் ஒரு நாளும். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தொங்கவிட்டதும் 1799இன் அதே அக்டோபர் 16தான். இதை நினைத்துப் பார்த்தார்களா தெரியாது. படம் சில காட்சிகளோடு நின்றது.

சீசர் நாடகம் நானூறு வருஷமாகச் செத்துப்போகாததற்கு எனக்குப் படுகிற காரணம் ஆண்டனி அல்ல, புரூட்டஸ். கொன்றவனுக்கும் நியாயம் பேச அங்கே இடமிருக்கிறது. கூட்டம் முதலில் அவனுக்கும் கை தட்டுகிறது. நம்முடைய வீர நாடகங்களில் துரோகிக்கு வசனம் கிடையாது, முழியும் மீசையும்தான். கோட்டைக்குள் மாதக்கணக்கில் பட்டினி. வெளியே ஜெயிக்கப்போகிற படை. தளபதி விடமாட்டேன் என்கிறான். செத்துக்கொண்டிருக்கிற சிப்பாய்களுக்குச் சீனிவாசராவ் என்ன பதில் சொல்லியிருப்பான்? பணம் வாங்கினான் என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். அவனும் ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்திருப்பான். அந்த ராத்திரியை யாரும் எழுதவில்லை. யூசுப்கானின் மனைவி மாசா, போர்த்துக்கீசிய வழி வந்த கிறிஸ்தவப் பெண், கைக்குழந்தையோடு அதே கோட்டைக்குள் இருந்தாள். கல்பூர்னியாவுக்கு ஒரு கெட்ட கனவாவது கொடுத்தார் ஷேக்ஸ்பியர். மாசாவின் ராத்திரியும் எழுதப்படாமலே கிடக்கிறது.

போன மாதம் பெரியகுளம் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் இந்தக் காலைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் காலுன்னு கேக்குறீங்க தம்பி? வலதா இடதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "எங்க தாத்தா வலதுன்னுதான் சொல்வாரு. தஞ்சாவூர்க்காரனும் வலதுன்னுதான் சொல்வான்" என்று சிரித்துவிட்டு டீயை ஆற்றினார்.