கேஸ் ஷீட்டில் இரண்டு சொல்

யாங்கோனிலிருந்து பேசுகிறேன், நம் ஆட்களுக்கு இன்னும் ரங்கூன்தான். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த வார்டில் பெகு பக்கத்துத் தமிழ்ப் பாட்டி ஒருவர் இருந்தார். புற்றுநோய் முற்றியிருந்தது. மார்ஃபின் வேண்டாம் என்றார். கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ‘பேஷண்ட் ரெஃப்யூஸ்ட்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த இரண்டு இரவும் யாரும் அவரிடம் மருந்தை நீட்டவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “மகன் வர்றான் சிஸ்டர். அவன் வந்து பேசுறப்ப நான் தூங்கிடக் கூடாது” என்றார். அவர் பயந்தது மயக்கத்துக்கு. என் இரண்டு சொல்லில் அது இல்லை.

பிறகுதான் இந்தத் துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பெரும்பாலும் அது சொற்களின் வரலாறாக இருந்தது.

சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு டாக்டர். லண்டன் செயின்ட் ஜோசப் ஹாஸ்பிஸில் நோயாளிகளின் பேச்சை டேப்பில் பதிந்து கேட்டார். உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததை 1964இல் ‘முழு வலி’ என்று எழுதினார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். அங்கே கற்ற பால்ஃபர் மவுண்ட் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு வார்டு தொடங்கினார். பிரெஞ்சு பேசுபவர்கள் காதில் ‘ஹாஸ்பிஸ்’ அநாதரவானவர்களின் விடுதியாக ஒலித்தது. அதனால் ‘பாலியேடிவ் கேர்’ என்றார். லத்தீனில் பாலியம் என்றால் போர்த்திக்கொள்ளும் மேலங்கி.

சொல் தவறியதும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில், கடைசி நாட்களின் கவனிப்புக்காக ‘லிவர்பூல் கேர் பாத்வே’ உருவானது. நோக்கம் நல்லது. ஆனால் சில இடங்களில் அது டிக் அடிக்கும் தாளானது. ‘பாதை’ என்றதைச் சாவுக்கு அனுப்பும் பாதை என்றே பல குடும்பங்கள் புரிந்துகொண்டன. 2013இல் ஜூலியா நியூபர்கர் குழு அந்த முறையை நிறுத்தச் சொன்னது, பெயரையும் கைவிடச் சொன்னது.

2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே கற்பனை நோயாளியைப் பற்றி இரண்டு விதமாகக் குறிப்பு எழுதி மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி டாக்டர்களிடமும் கொடுத்தார்கள். பழிக்கும் தொனியில் இருந்ததைப் படித்தவர்கள் வலிக்குக் குறைவான சிகிச்சையே தேர்ந்தெடுத்தார்கள்.

அன்று நான் திரும்ப எழுதினேன்: ‘வலி கடுமை. மகன் வரும்வரை விழிப்போடு இருக்க விரும்புகிறார். குறைந்த அளவு கொடுக்கலாமா? ஒவ்வொரு ஷிஃப்டிலும் கேட்கவும்.’ டாக்டர் அளவை மாற்றினார். மகன் வந்தார், இருவரும் பேசினார்கள்.

அந்த இரண்டு இரவுகளை இன்றும் ஜெபத்தில் சொல்கிறேன்.