இளிவரலும் அருவருப்பும்

உளவியலாளர் பால் எக்மன் 1960களின் கடைசியில் நியூ கினியின் ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டினார். மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் மனிதகுலம் முழுமைக்கும் பொது என்பது அவர் முடிவு. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல், உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்கிறது. அச்சம் இரண்டிலும் உண்டு. வியப்புக்கு மருட்கை இருக்கிறது. பெருமிதம் அந்த ஆறில் இல்லை.

முகம் பிறவியோடு வருவது என்ற எக்மனின் கட்சியை நான் பெரிதும் ஏற்கிறேன். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும், பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளை யார் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றது? 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் பிறவியிலேயே பார்வையற்ற ஜூடோ வீரர்களை ஆராய்ந்தபோதும், வெற்றியிலும் தோல்வியிலும் அவர்கள் முகம் பார்வையுள்ள வீரர்களின் முகம்போலவே அசைந்தது.

சிக்கல், அந்த எட்டில் ஒன்றான இளிவரலில்தான். அதை வடமொழியின் பீபத்ஸ ரசத்தோடு சமப்படுத்தி, அருவருப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எக்மனும் அவரோடு ஆய்வு செய்த ஃபிரீசனும் 1978இல் முகத்தசை அசைவுகளுக்கு எண் கொடுத்தார்கள். அருவருப்பில் மூக்கு சுளிப்பது 9ஆம் எண். கெட்டுப்போன சோற்றை முகர்ந்தால் வருகிற சுளிப்பு அது. தொல்காப்பியரோ இளிவரலுக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இவற்றில் நாற்றம் எங்கே இருக்கிறது? இளிவரல், இயலாமையில் மனிதன் குன்றிப்போகும் குன்றல். தன்னிடத்தும் தோன்றும், பிறரிடம் கண்டும் தோன்றும் என்பது உரைமரபு. எக்மன் எந்தத் தசை அசைந்தது என்று கேட்கிறார். தொல்காப்பியர் எதனால் என்று கேட்கிறார். அடுத்தவர் மனம் அறிய எனக்கு இரண்டாவது கேள்வியே வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில் ஒருநாள் மாலை, ஷிப்ட் முடிந்த கூட்டத்தோடு செக்யூரிட்டி சீருடையில் ஒரு முதியவர் பஸ் ஏற முயன்றார். முழங்கால் மடங்கவில்லை. "பெரியவரே, சீக்கிரம் ஏறுங்க, இல்லன்னா அடுத்த வண்டில வாங்க" என்றார் கண்டக்டர். பெரியவரின் உதடு இறுகியது, பார்வை தாழ்ந்தது. முகத்தை மட்டும் படமெடுத்துக் காட்டினால் துயரம் என்பார்கள். ஆனால் மெய்ப்பாடு என்ற சொல்லில் இருப்பது மெய், முழு உடம்பு. அவர் தோள் ஒடுங்கியது. ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தவர் நிமிரவில்லை, மடியிலிருந்த சாப்பாட்டுப் பைக்குள் எதையோ தேடுவதுபோல், ஆவடி வரும்வரை குனிந்தே இருந்தார்.